முன்படியில் அவள், பின்படியில் நான்

எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவதில்லை. சட்டம் ஒன்றும் கிடையாது. உட்கார்ந்தால் யாரும் இறக்கிவிடப் போவதுமில்லை. ஆனாலும் பெண்கள் முன்படியில் ஏறி முன்னால் உட்காருவார்கள், ஆண்கள் பின்படியில் ஏறிப் பின்னால் உட்காருவார்கள். கல்யாணமான புதிதில் ஒருமுறை நான் முன்னால் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய இரண்டு பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார்கள். எழுந்து பின்னால் போனவன்தான். அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் நான் பின்படி, அவள் முன்படி.

இதில் எங்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. முன்பெல்லாம் இரண்டு பேருக்கும் நான்தான் டிக்கெட் எடுப்பேன். "ரெண்டு குடுங்க, முன்னாடி ஒரு லேடீஸ்" என்பேன். "யாருண்ணே?" என்று கண்டக்டர் கேட்பார். நான் பாதி எழுந்து கை காட்டுவேன். முன்னால் அவள் திரும்பிப் பார்த்து, நான்தான் என்று கையைத் தூக்குவாள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இலவசம் என்று வந்த பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. அவள் டிக்கெட்டை அவளே வாங்கிக்கொண்டாள். "நான் ஓசி, நீங்கதேன் காசு குடுத்து வாரீக. பின்ன எதுக்கு இம்புட்டு அதிகாரம்?" என்று சிரிப்பாள். அந்த ஒரு திரும்பலும் போனதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை. இப்போது நினைக்காத நாளில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் கீழே வேலை பார்த்தவர்கள் நான் வருவதை என் செருப்புச் சத்தத்தில் தெரிந்துகொள்வார்கள் என்று சொல்வார்கள். அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டவன் நான். எனக்கு எதுவும் நேரத்துக்கு நடக்க வேண்டும். நடக்காவிட்டால் அது கடையா, ஆஸ்பத்திரியா, கோயிலா என்றெல்லாம் பார்க்க மாட்டேன், அந்த இடத்திலேயே கத்திவிடுவேன். அவள் என் பின்னால் நின்றுகொண்டு எதிராளியிடம் மெதுவாகச் சொல்வாள், "சத்தந்தேன் போடுவாக, மனசுல ஒண்ணும் இருக்காது." கத்தி முடித்த ஐந்து நிமிஷத்தில் எனக்கு எல்லாம் மறந்துவிடும். மற்றவர்களுக்கும் அப்படித்தான் மறந்துவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல வருஷத்துக்கு முன்னால் பழங்காநத்தத்தில் இறங்க வேண்டிய ஒரு நாள், கூட்டத்தில் அவளால் படிவரை வர முடியவில்லை. நான் கீழே இறங்கி நிற்கிறேன், பஸ் அவளோடு நகர்ந்துவிட்டது. ஓடிப்போய் பஸ்ஸைத் தட்டி நிறுத்தினேன். கண்டக்டரைத் திட்டினேன். அவள் இறங்கியதும் அவளையும், பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, வாய்க்கு வந்தபடி திட்டினேன். அன்றிலிருந்து அவள் எந்த பஸ்ஸிலும் இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே எழுந்து போய் முன்படிக் கம்பியைப் பிடித்து நின்றுகொள்வாள். எழுந்து நிற்கிறாளா என்று நான் பார்க்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. நான் பின்னால் இறங்கினால் அவள் முன்னால் இறங்கியிருப்பாள்.

சென்ற ஆவணியில் என் சித்தப்பா மகன் வீட்டுக் கல்யாணம் திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் வீடு நாகமலை புதுக்கோட்டையில். இரண்டு பஸ் மாற வேண்டும். முந்தின நாள் மகள் போனில், "ப்பா, கார் புக் பண்றேன், வீட்டு வாசல்லயே ஏறிக்கங்க" என்றாள். வேண்டாம் என்றது நான். நல்ல பஸ் வசதி இருக்கும்போது கார் எதற்கு என்று ஒரு பத்து நிமிஷம் அவளுக்கு வகுப்பெடுத்தேன்.

பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கித் திருமங்கலம் போகும் டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். நான் முன்னால், அவள் பத்தடி பின்னால், எப்போதும் போல. பஸ் புறப்படத் தயாராக நின்றது. திரும்பிப் பார்த்தால் அவள் ஒரு தூணில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன நின்டுட்ட?"

"அடுத்த பஸ்ஸுல போவமா? செத்த உக்காந்துட்டு வாரேன்."

"தாலி கட்டுனப்பறம் போயி என்ன செய்ய? அங்க போயி எம்புட்டு நேரம் வேணும்னாலும் உக்காந்துக்க. ஏறு."

அவள் முன்படியில் ஏறினாள். நான் பின்படிக்கு ஓடினேன். முப்பத்தெட்டு வருஷக் குடும்பத்தில் நான் அவளிடம் கடைசியாகச் சொன்ன சொல் 'ஏறு'. அதையும் கத்தித்தான் சொன்னேன்.

அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்ததைப் பார்த்தேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்ததையும் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்கவில்லை. போனை எடுத்து, வந்திருந்த காலை வணக்கப் படங்களுக்கெல்லாம் வரிசையாகப் பதில் வணக்கம் போட்டுக்கொண்டு வந்தேன். யார் யாருக்கோ வணக்கம். பழங்காநத்தம் போயிற்று, பசுமலை போயிற்று. திருப்பரங்குன்றத்தில் பஸ் நின்றபோது முகூர்த்த நாள் என்பதால் பாதி பஸ் இறங்கியது. முன்படியில் பட்டுப்புடவையாக இறங்கியது. அதில் ஒன்று என் வீட்டுப் புடவை என்று எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மண்டபம் இருக்கும் தெருவில் நடக்க ஆரம்பித்தேன்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நடந்துகொண்டே அவளிடம் பேசினேன். "கேஸ அடச்சியா?" என்று கேட்டேன். பதில் இல்லை. "கேக்குறேன்ல?" என்றேன். அதற்கும் பதில் இல்லை. பஸ் ஏறும்போது கத்தியதற்காக முறுக்கிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். வரட்டும், மண்டபத்துக்குள் நாலு பேரைப் பார்த்தால் சரியாகிவிடுவாள் என்று எண்ணிக்கொண்டு நடையை எட்டிப் போட்டேன். என் பின்னால் வந்தவர் யாரோ ஒரு மனிதர், இந்த ஆள் யாரிடம் பேசுகிறான் என்று பார்த்திருப்பார்.

மண்டபத்திலும் அதே கதைதான். வாசலில் சந்தனம் எடுத்துக்கொண்டு நான் ஆண்கள் பக்கம் போனேன். அவள் பெண்கள் பக்கம் போயிருப்பாள். கீழே பந்தியில் டிபன் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாவது முறை பொங்கல் கேட்டு வாங்கினேன். தம்பி பெண்டாட்டி, கல்யாணப் பெண்ணின் அம்மா, என்னைப் பார்த்ததும் வந்தாள்.

"வாங்கத்தான். அக்கா எங்க?"

"அங்கிட்டுப் பொம்பளைக பக்கம் இருப்பா, பாரு."

அவளும் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவளுக்கு ஆயிரம் வேலை. என் பெண்டாட்டி அந்த மண்டபத்தில் இல்லவே இல்லை என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மேளம் வேகமாக அடிக்க ஆரம்பித்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் 'வீடு' என்று வந்தது. அவள் நம்பரை அப்படித்தான் போட்டு வைத்திருக்கிறேன். தாலி கட்டுகிற நேரத்தில் என்ன போன் என்று கட் செய்தேன். திரும்ப அடித்தது. திரும்பக் கட் செய்தேன். கையில் இருந்த அட்சதையைப் போட்டுவிட்டு, மூன்றாவது முறை அடித்தபோது காதில் வைத்து, "இங்கனதான இருக்க, எந்திரிச்சு வந்து சொல்ல முடியாதா?" என்றேன்.

ஆண் குரல் பேசியது. "சார், நான் பஸ் கண்டக்டர் பேசுறேன். திருமங்கலம் ஸ்டாண்டுலருந்து. இந்த போன் வச்சிருக்க அம்மா உங்களுக்கு என்ன வேணும்?"

"என் சம்சாரம். போனத் தொலச்சுட்டாளா? அவ இங்கதான் இருக்கா."

"இல்ல சார். அம்மா இங்க இருக்காங்க. கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், கொஞ்சம் உடனே அங்க வாங்க."

நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். இருநூறு முகம் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். கண்டக்டர் பொய் சொல்கிறார் என்றும், இந்த இருநூறில் அவள் இருக்கிறாள் என்றும் அந்த ஒரு நிமிஷம் நான் உறுதியாக நம்பினேன். ஒரு ஓரத்தில் அவள் ஜாடையில் ஒருத்தி இருந்தாள். அவள் திரும்பினாள், வேறு முகம்.

தம்பியின் மச்சினன் காரில் கூட்டிப் போனான். போகும்போது எனக்கு வந்தது பயமில்லை, கோபம். தூங்கிப்போய்த் திருமங்கலம் வரை போயிருக்கிறாள், தலை சுற்றி விழுந்து தொலைத்திருக்கிறாள். போனதும் என்ன சொல்ல வேண்டும் என்று கார் ஓட ஓட மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'தூங்குறதுக்கு வீட்டுலயே கெடந்திருக்கலாம்ல?' அந்த வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன்.

வாசலில் கண்டக்டர் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் அந்தப் பையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"தூங்குறாங்கன்டு நெனச்சேன்ணே. கம்பியில தல சாஞ்சிருந்துச்சு. ஸ்டாண்டு வந்துருச்சு, எறங்குங்கம்மான்டு ரெண்டு தடவ சொன்னேன். தொட்டுப் பாத்தப்பறந்தேன் தெரிஞ்சுச்சு."

உள்ளே டாக்டர், சின்ன வயதுப் பெண், இதயம் நின்றிருக்கிறது என்றார். கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்றார். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தன மணிக்கு?" என்பது. அதை அப்படிச் சொல்ல முடியாது என்றார். "பரங்குன்றத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

அன்று சாயங்காலமே கல்யாண வீட்டுச் சனம் பாதி எங்கள் வீட்டில் இருந்தது. காலையில் கட்டிய பட்டோடு, தலையில் வைத்த பூவை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு வந்து அழுதார்கள். அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வந்தது. மஞ்சள் பூசி, பெரிதாகப் பொட்டு வைத்தார்கள். "மகராசி, பூவும் பொட்டுமா போயிட்டா. படாமக் கொள்ளாமப் போயிட்டா. யாருக்குக் கெடைக்கும் இப்படி ஒரு சாவு" என்று வருகிறவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். படவில்லை என்று இவர்களுக்கு யார் சொன்னது? அவர்கள் யாரும் அந்த பஸ்ஸில் இல்லை. இருந்தது நான். எனக்கே தெரியாது.

கருமாதி முடிந்து மகள் ஊருக்குப் புறப்படும்போது என்னையும் வரச் சொன்னாள். மாட்டேன் என்றேன். எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அவள் என்னைக் கூப்பிட்டாளா? வலி வந்தபோது திரும்பிப் பார்த்தாளா, 'என்னங்க' என்றாளா, நான் குனிந்து யாருக்கோ வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்ததில் எனக்குக் கேட்காமல் போயிற்றா? இல்லை, உண்மையிலேயே தூக்கத்தில் ஒன்றும் தெரியாமல் போனாளா? இரண்டில் ஒன்று தெரியாமல் அந்த வீட்டில் என்னால் ஒரு வாய் சோறு இறக்க முடியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அவளைக் கண்டுபிடிக்காமல் நான் எங்கே போவது?

மறுநாளிலிருந்து அதே நேரத்துக்குப் பெரியாருக்குப் போய் அதே பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர்களுக்கு டியூட்டி மாறும் போலிருக்கிறது. முதல் மூன்று நாள் வேறு ஆள். நாலாவது நாள் அவர் வந்தார். என்னைப் பார்த்ததும் டிக்கெட் போடும் மெஷினை இடுப்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தெனம் வாரீகளாம்ல, எதுக்குண்ணே?"

சொன்னேன்.

"பசுமலையில எறங்குற அம்மாதேன். அங்க ஒரு ஹாஸ்டல்ல சமைக்கிறவக. வயர் கூட வச்சிருப்பாக. தெனம் நம்ம பஸ்ஸுதேன். மறுநா ஏறுனப்ப நாந்தேன் விசயத்தச் சொன்னேன். அன்னைக்கு எறங்குனவகதேன், அதுக்கப்பறம் ஏறவே இல்ல."

ஒன்றும் தெரியாதவள் எதற்குப் பஸ்ஸை மாற்ற வேண்டும்?

அதற்குப் பிறகு பசுமலை நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் காலை வேளைகளில் உட்கார ஆரம்பித்தேன். வருகிற பஸ் ஒவ்வொன்றிலும் முன்படியைப் பார்ப்பேன். என் ஆயுசில் டவுன் பஸ்ஸின் முன்படியை அவ்வளவு கவனமாக நான் பார்த்ததே இல்லை. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, வழக்கமான நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வந்த ஒரு பஸ்ஸிலிருந்து வயர் கூடையோடு ஒரு பெண் இறங்கினாள். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. நான் ரோட்டைக் கடந்து போவதற்குள்ளேயே அவள் என்னைப் பார்த்துவிட்டாள். நின்றுவிட்டாள். நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீங்க வருவீகன்டு தெரியும்யா" என்றாள்.

"என்ன நடந்துச்சுன்டு மட்டும் சொல்லுங்கம்மா. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"மூலக்கரைக்கு முன்னாலயே நெஞ்சத் தடவிக்கிட்டு இருந்தாக. என்னம்மா செய்யுதுன்டேன். வாயுப் பிடிப்பு, போயிரும்னாக. வேர்த்து ஊத்துச்சு. எங்கிட்ட இருந்த தண்ணியக் குடுத்தேன், ரெண்டு மடக்குக் குடிச்சாக. தொணைக்கு யாரும் வந்திருக்காகளான்டு கேட்டேன். எங்க வீட்டுக்காரரு பின்னால இருக்காக, வெள்ளச் சட்டைன்டாக."

"சரி."

"கண்டக்டர்ட்டச் சொல்லிக் கூப்பிடவான்டேன். வேணாம்னாக. பரங்குன்றத்துல எறங்குனதும் நானே சொல்லிக்கிறேன்டாக. அதுக்குள்ள எனக்கு எடம் வந்துருச்சு. எறங்கி நின்டு பாத்தேன். சன்னலோரமா உக்காந்து போனப் பாத்துக்கிட்டு இருந்தீக. சொல்லிரலாமான்டு ரெண்டு எட்டு வச்சேன். பஸ்ஸு எடுத்துட்டாக."

அவள் சொல்லச் சொல்ல எனக்குள் என்ன ஏறியது என்று எனக்குத் தெரியும். அறுபத்தாறு வருஷமாகப் பழகியதுதான்.

"பாத்தீகள்ல? என்னயப் பாத்தீகள்ல?" என்றேன். "சன்னல்ல ஒரு தட்டுத் தட்டிருந்தா என்ன? ஒரு வார்த்த சொல்லிருந்தா அங்கனயே எறக்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேன்ல? உசுரு போற ஆள அப்பிடியே விட்டுட்டு எறங்கிப் போயிருக்கீக. நீங்கள்லாம் மனுசியா?"

என் குரல் எனக்கே கேட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். நிறுத்தத்தில் நின்ற பெண்கள் விலகி நின்றார்கள். ஓர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, "அண்ணே, பொம்பளகிட்ட என்ன சத்தம்?" என்றார். அவள் தலையைக் குனிந்து, முந்தானையை இழுத்துத் தோளில் மூடி, அதன் நுனியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆட்டோக்காரரிடம் மெல்லிய குரலில், "ஒண்ணுமில்ல தம்பி, தெரிஞ்சவுகதேன். நீங்க போங்க" என்றாள்.

அவர் போனார். நான் நின்றுகொண்டிருந்தேன். மூச்சு வாங்கியது.

"வேணாம்னது அவுகதேன்யா" என்றாள். "ஏம்மா வேணாங்கிறீகன்டு நானும் கேட்டேன்."

"என்ன சொன்னா?"

அவள் கூடையை எடுத்தாள்.

"என்ன சொன்னா, சொல்லுங்க."

"பஸ்ஸுன்டு பாக்க மாட்டாக, அம்புட்டுப் பேருக்கு முன்னாலயும் வைவாகன்டாக. எறங்குனப்பறம் சொன்னா கொஞ்சமா வைவாகன்டாக." அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "கோவமா ஒண்ணும் சொல்லலய்யா. சிரிச்சுக்கிட்டேதேன் சொன்னாக."

பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம் என்று சொல்லிவிட்டு அவள் போனாள். என்னை மன்னித்துவிடுங்கள் என்று போகும்போது அவள்தான் கேட்டாள். நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்க வாய் திறந்தால் என்ன குரலில் வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

கூப்பிட்டாளா என்று கேட்டுத் திரிந்தேன். கூப்பிடவில்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டு வரும்போதும் பத்துச் சீட்டுக்குப் பின்னால் இருந்த புருஷனைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறாள். அந்த வலியைவிட என் வாய்க்கு அவள் பயந்திருக்கிறாள். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் அவளுக்குக் கொடுத்தது கடைசியில் இதுதான். வீட்டையும் மகளின் படிப்பையும் நகைகளையும் நான் கொடுத்தேன் என்று சொல்லித் திரிந்ததெல்லாம் ஒன்றுக்கும் உதவவில்லை.

அந்தப் பெண்ணை நான் தேடுவது மகளுக்குத் தெரியும். அன்று மத்தியானம் போன் செய்தாள்.

"அந்த அம்மாவப் பாத்தீங்களாப்பா?"

"இல்லம்மா. ஆள் கெடைக்கல."

"விடுங்கப்பா. அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"ஆமாம்மா" என்றேன். அவளாவது அதை நம்பிக்கொண்டிருக்கட்டும். எனக்கு அந்த வழி இல்லை.